நடிகை கேட்ட கேள்வி நம் ஜமாஅத்துக்கும்தான்

 

உத்திரமேரூரை அடுத்த எங்கள் சிற்றூரில், ரமளானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் எங்கள் மதரஸாவுக்கு வந்தார். இரத்தசோகையைப் பற்றிய ஒரு விளம்பரத் தாளை அவர் கொண்டுவந்திருந்தார். பெண்பிள்ளைகள் ஓதும் அறையின் சுவரில் அதனை ஒட்ட அனுமதி கேட்டார். தாளின் ஒரு பாதியில் அறிவுரைகள். மறு பாதியில் ஒரு திரைப்பட நடிகையின் முகம்.

"மதரஸாச் சுவரில் நடிகை படமா?" என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்கள். உண்மையைச் சொல்வதானால், அவ்வாறு கேட்டவர்களில் நாங்களும் இருந்தோம். அந்தச் சகோதரி சினம் கொள்ளவில்லை. "படத்தைக் கத்தரித்துவிட்டு எழுத்தை மட்டுமாவது ஒட்டுங்கள், பாய்" என்று சொல்லித் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எவரும் கத்தரிக்கவில்லை, எவரும் ஒட்டவுமில்லை.

ரமளானின் பதினோராம் நாள் ஸஹர் வேளையில் எங்கள் தம்பியின் மகள், பத்தாம் வகுப்பில் படிப்பவள், அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தார்கள். பன்னிரண்டு கிராமாவது இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 6.4 கிராம் இருந்தது. "பள்ளிக்கூடத்தில் வாரந்தோறும் நீல நிற மாத்திரை கொடுக்கிறார்களே, நீ சாப்பிடுவதில்லையா?" என்று மருத்துவர் கேட்டார். பிள்ளை பதில் சொல்லவில்லை. தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தாள். "அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் பின்னால் குழந்தை பிறக்காது" என்று அவளிடம் சொன்னவர்கள் நாங்கள்தாம். கைப்பேசியில் எவரோ அனுப்பிய செய்தியை நம்பி, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நாங்கள்தாம் சொன்னோம். இரண்டாண்டுகளாக அவள் அந்த மாத்திரைகளைப் பள்ளியின் பின்புறத்தில் எறிந்து வந்திருக்கிறாள்.

அல்ஹம்துலில்லாஹ்! நரம்பின் வழியாக இரும்புச் சத்து ஏற்றப்பட்டு, பிள்ளை இப்போது நலமாக இருக்கிறாள். விட்ட நோன்புகளையும் களாச் செய்து வருகிறாள். ஆனால் அவள் எங்களைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை எங்களை விட்டு நீங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

தஞ்சையில் எழுந்த கேள்வி

2020ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில், நடிகை ஜோதிகா ஒரு விருது விழா மேடையில் பேசிய பேச்சு பெரும் சர்ச்சையாயிற்று. தஞ்சாவூரில் படப்பிடிப்புக்குச் சென்றபோது, அங்குள்ள இராசா மிராசுதார் அரசு மருத்துவமனையைத் தாம் கண்டதாகவும், அதன் நிலை தம்மை வருத்தியதாகவும் அவர் கூறினார். தாய்மார்களும் குழந்தைகளும் நாடிவரும் மருத்துவமனை அது. கோயிலுக்குச் செலவிடுவதுபோல மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் மக்கள் செலவிட வேண்டும் என்பதே அவர் சொன்னதன் கருத்து. ஒரு சாரார் கடுமையாகக் கண்டித்தார்கள். மறு சாரார் ஆதரித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அம்மருத்துவமனையின் மேம்பாட்டுக்காக அவர் 25 இலட்சம் ரூபாய் வழங்கினார். பேசியதோடு நில்லாமல் கொடுத்தும் காட்டினார்.

அந்நாட்களில் நம்மவர் பலர் இச்செய்தியை ஒருவகை மகிழ்வோடு பகிர்ந்துகொண்டதை நாம் அறிவோம். பிற சமயத்தாருக்குள் நடக்கும் விவாதம் என்று எண்ணியே பகிர்ந்தார்கள். அந்தக் கேள்வியைச் சற்றே நம் பக்கம் திருப்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நம் வட்டாரத்துப் பள்ளிவாசல்களை எண்ணிப் பாருங்கள். கடந்த இருபது ஆண்டுகளில் எத்தனை தரைகள் பளிங்காயின! எத்தனை மினாராக்கள் உயர்ந்தன! வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் குளிர்சாதனம் வந்தது, வண்ண விளக்கு வந்தது. அல்லாஹ்வின் இல்லத்தை அழகுபடுத்துவது நன்மையே. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் அதே மஹல்லாவில் கருவுற்ற ஒரு சகோதரிக்கு ஆறாம் மாதத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எவருக்கேனும் தெரியுமா? பளிங்கு எத்தனை சதுர அடி என்று நமக்குத் தெரிகிறது. பிள்ளையின் இரத்தத்தின் அளவு தெரியவில்லை. ஜோதிகாவின் கேள்வி தஞ்சையோடு நிற்கவில்லை. நம் ஜமாஅத்தின் வாசலுக்கும் வந்துவிட்டது.

சொன்னவரைப் பார்ப்பதா, சொன்னதைப் பார்ப்பதா?

இங்கே ஒரு மறுப்பு எழும். "திரைப்படத்தாரின் வாழ்க்கை முறை நமக்கு உடன்பாடானதன்று. அவர்களைப் புகழ்ந்து எழுதினால் நம் பெண்பிள்ளைகள் அவர்களை முன்மாதிரியாகக் கொள்ளமாட்டார்களா?" இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பெற்றோராகிய நமக்கும் அந்த அச்சம் உண்டு. ஆனால் ஒருவர் செய்த நற்செயலை நற்செயல் என்று சொல்வது வேறு. அவரது வாழ்க்கை முழுவதையும் பின்பற்றச் சொல்வது வேறு.

நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையிலேயே இதற்கு வழிகாட்டுதல் உண்டு. நபித்துவத்துக்கு முன், மக்காவில் அநீதிக்குள்ளானவர்களுக்குத் துணைநிற்பதாக அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அதன் பெயர். அதனைச் செய்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அண்ணலார் அதில் கலந்துகொண்டார்கள். பிற்காலத்தில், இஸ்லாம் வந்தபின்னும் அத்தகைய உடன்படிக்கைக்கு எவரேனும் அழைத்தால் தாம் ஏற்பதாகவே கூறினார்கள். அழைப்பது யார் என்பதைவிட எதற்கு அழைக்கிறார் என்பதையே அவர்கள் பார்த்தார்கள். மதரஸாவில் அன்று நாங்கள் அதற்கு நேர்மாறாகச் செய்தோம். முகத்தைப் பார்த்தோம்; எழுத்தைப் படிக்கவில்லை.

நெம்மேலியில் அடுக்கிய செங்கல்

நம் மாவட்டத்திலேயே நடந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். 2017ஆம் ஆண்டில் நடிகை திரிஷா, ஐ.நா. குழந்தைகள் நிதியமான யூனிசெஃப் சார்பில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த வடநெம்மேலி கிராமத்துக்குச் சென்றார். ஒரு வீட்டுக்குக் கழிப்பறை கட்டும் பணியில் தம் கையாலேயே செங்கல் அடுக்கினார். 2019இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் அவ்வூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அதே 2017 நவம்பரில் யூனிசெஃப் அவரைக் குழந்தைகள் உரிமைக்கான தன் பரப்புரையாளராக அறிவித்தது. இரத்தசோகை, குழந்தைத் திருமணம், குழந்தைத் தொழில், சிறார்மீதான வன்கொடுமை ஆகியவற்றுக்கு எதிராகக் குரல் கொடுப்பது அப்பணியின் நோக்கம்.

கழிப்பறையைக் குழந்தையின் உடல்நலமாகவும் பெண்ணின் உரிமையாகவும் ஒருசேரப் பார்க்கவேண்டும். வீட்டில் கழிப்பறை இல்லாத பெண், இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறாள். அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள். சிறுநீர்த் தொற்று வருகிறது. இருளில் தனியே வெளியே போவதால் மானத்துக்கும் ஆபத்து. திறந்தவெளி மலத்திலிருந்து கொக்கிப்புழு மண்ணில் பரவுகிறது. வெறுங்காலுடன் நடக்கும் பிள்ளையின் பாதத்தின் வழியே உடலுக்குள் நுழைந்து, குடலில் தங்கி, அன்றாடம் சிறிது சிறிதாக இரத்தத்தை உறிஞ்சுகிறது. கழிப்பறைக்கும் இரத்தசோகைக்கும் உள்ள தொடர்பு இதுதான். தூய்மையை ஈமானோடு சேர்த்துச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. உளூவின் பர்ளுகளை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு, வயலுக்குப் போகும்போது செருப்பு அணிவதும் உடலைக் காக்கும் அமானிதமே என்பதை நாம் கற்பித்திருக்கிறோமா?

எனினும் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு நட்சத்திரம் ஒருநாள் வந்து சில செங்கல்களை அடுக்குவதால் ஓர் ஊர் மாறிவிடாது. ஒளிப்படக்காரர்கள் அன்று மாலையே திரும்பிவிடுவார்கள். எஞ்சிய சுவரைக் கொத்தனார்தான் எழுப்ப வேண்டும். கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீர் வரும்படி ஊராட்சிதான் பார்க்க வேண்டும். அதை வீட்டார்தான் பயன்படுத்த வேண்டும். நட்சத்திரத்தால் ஆகக்கூடியது, எவரும் பேசக் கூசும் ஒன்றைப் பேசக்கூடிய ஒன்றாக ஆக்குவது. அது சிறிய காரியமன்று. ஆனால் அதுவே முழுக் காரியமும் அன்று.

எது நிலைத்தது?

நட்சத்திரத்தின் நற்பணி எப்போது நிலைக்கிறது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. கட்சி அரசியலை ஒதுக்கிவைத்துப் பார்ப்போம். இளமையில் பசியை அறிந்த நடிகர் எம்.ஜி.ஆர்., முதலமைச்சரானபின் 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தின் வழியில் வந்தது அது. முதலில் ஊரகப் பகுதிகளில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு; அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும்; 1984இல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் என விரிந்தது. 2001 நவம்பரில், சமைத்த மதிய உணவை நாடெங்கும் பள்ளிகளில் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. உத்திரமேரூர் வட்டாரத்தின் அரசுப் பள்ளியில் இன்று நம் பிள்ளை உண்ணும் முட்டைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. திட்டத்தைத் தொடங்கியவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் சோறு நிற்கவில்லை. அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் ஒவ்வொரு பள்ளிநாளும் வேலைக்கு வருவதே அதற்குக் காரணம்.

மற்றொரு சான்று நம் சமுதாயத்தையே தொட்டது. போலியோ ஒழிப்புக்காக நடிகர் அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் தோன்றி, இரு துளி மருந்து கொடுக்குமாறு பெற்றோரைக் கண்டிப்புடன் கேட்டுக்கொண்டார். நாடே கேட்டது. ஆனால் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் நம் சகோதரர்களின் வீடுகள் பலவற்றின் கதவுகள் திறக்கவில்லை. அந்த மருந்து பிள்ளைகளை மலடாக்கிவிடும் என்று வதந்தி பரவியிருந்தது. நாங்கள் எங்கள் தம்பி மகளிடம் சொன்ன அதே வதந்தி! கதவைத் திறக்கவைத்தவர்கள் யார்? பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் அறிவித்த இமாம்கள். ஆதரவாக நின்ற அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லிய்யா போன்ற நம் கல்வி நிலையங்கள். அதே தெருவில் வாழ்ந்து, வீடு வீடாகச் சென்று பேசிய பெண் ஊழியர்கள். 2009இல் இந்தியாவில் 741 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. 2010இல் அது 42 ஆகக் குறைந்தது. 2011இல் ஒரே ஒரு குழந்தை. ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவான அதுவே இறுதி. 2014 மார்ச் 27 அன்று போலியோ அற்ற வட்டாரம் என்ற சான்றிதழ் கிடைத்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. நடிகரின் குரல் தொலைக்காட்சிப் பெட்டிவரை வந்தது. அங்கிருந்து வீட்டின் உள்ளறைவரை கொண்டுசென்றவர்கள் இமாமும் அண்டைவீட்டுப் பெண்ணும். அந்த இறுதிப் பத்தடி தூரம் நம்முடைய பொறுப்பு.

நம் வீட்டுத் தட்டில் தொடங்குவோம்

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு. நம் வீட்டில் நான்கு பெண்கள் இருந்தால் இருவருக்கு இருக்கக்கூடும் என்று பொருள்.

பிரியாணி சமைக்கும் சமுதாயத்தில் இரத்தம் குறைவதேன்? எங்கள் வீட்டையே நினைத்துப் பார்த்தோம். ஆண்கள் முதலில் உண்பார்கள், பிறகு பையன்கள், பிறகு பெண்பிள்ளைகள், இறுதியில் சமைத்தவர்கள். ஈரல் பையனின் தட்டுக்குப் போகும். சுவரொட்டி என்று நாம் சொல்லும் ஆட்டின் மண்ணீரல் இரத்தம் ஊறுவதற்கு நல்லது என்று நன்னி சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் மாதந்தோறும் இரத்தத்தை இழக்கும் பெண்பிள்ளையின் தட்டில் அதை வைத்தவர் எவருமில்லை. உண்டு முடித்தவுடன் தேநீர். உணவில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தேநீர் தடுக்கிறது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்குத் துணைசெய்கின்றன. கொல்லையில் முருங்கை நிற்கிறது. கீரையைப் பறிக்க ஆளில்லை. பேரீச்சம்பழத்தை மட்டும் நம்பியிருக்கிறோம். அது ஸுன்னத்தான நல்லுணவு. ஆனால் இத்தகைய குறையை அது ஒன்றே ஈடுசெய்துவிடாது. அரசு இலவசமாகத் தரும் மாத்திரையையும், ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு நீக்க மாத்திரையையும் எறியாமல் உட்கொள்ளவேண்டும்.

பெண்குழந்தையை உயிரோடு புதைத்த அறியாமைக் காலத்தை, புதைக்கப்பட்டவளிடமே கேட்கப்படும் கேள்வியால் நடுங்கவைத்தது திருமறை. தக்வீர் அத்தியாயத்தை ஓதும்போது நாம் கண்கலங்குகிறோம். நாம் எவரையும் புதைக்கவில்லைதான். ஆனால் அவளது தட்டில் குறைத்து வைத்து, அவளது சோர்வைச் சோம்பல் என்று ஏசி, மாத்திரையை எறியச் சொல்லி, பதினேழு வயதில் நிகாஹ் பேசி, இரத்தமில்லாத உடலோடு பிரசவ அறைக்கு அனுப்பினால், அந்தக் கேள்வி நம்மை நோக்கி வராது என்று எப்படி உறுதியாக இருக்கமுடியும்? பதினெட்டு வயது நிறைவதற்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வதை 2006ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று, உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று என்பதாலும் நாம் அதனைப் பேண வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வதும் சொல்லாததும்

நம் ஊரின் பெருமை உலகறிந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளை வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் பொறித்து வைத்திருக்கிறார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்கவேண்டும். சொந்த நிலமும் மனையும் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. கணக்குக் காட்டாதவர் என்ற அந்த ஒரு விதியை நம் பைத்துல்மால்கள் சுவரில் எழுதிவைக்கலாம்.

ஆனால் அந்த விதிகள் அனைத்தும் ஆண்களை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இன்று அதே உத்திரமேரூர் வட்டாரத்தில் ஊராட்சித் தலைவர்களாகவும் உறுப்பினர்களாகவும் பெண்கள் அமர்கிறார்கள். தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளில் பாதி இடங்கள் பெண்களுக்கென 2016இல் சட்டம் ஆயிற்று. ஊர் மாறிவிட்டது. நம் ஜமாஅத் மாறவில்லை. ஒரு பெண்ணின் தலாக் வழக்கு, ஒரு பெண்ணின் மஹர் பாக்கி, ஒரு சிறுமியின் நிகாஹ் வயது ஆகியவற்றைப் பேசும் அறையில் ஒரு பெண்கூட இருப்பதில்லை. 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நம் சகோதரிகள் தமக்கென்றே ஒரு ஜமாஅத்தை அமைத்தபோது பலருக்கு அது கசந்தது. அவர்களுடைய எல்லா நிலைப்பாடுகளையும் ஏற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நம் அறையில் அவர்களுக்கு ஓர் இருக்கை போட்டிருந்தால், அவர்கள் தனி அறை தேடியிருப்பார்களா என்று கேட்கிறோம்.

பள்ளிவாசலுக்கும் பெண்ணுக்கும் மருத்துவத்துக்கும் தொடர்பில்லை என்று எவரேனும் கூறினால், ருஃபைதா (ரலி) அவர்களை நினைவூட்டுங்கள். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. அங்கே காயமுற்றோருக்கு மருத்துவம் செய்த பெண்மணியாக வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. பள்ளிவாசலின் எல்லைக்குள், ஒரு பெண்ணின் கையால், மருத்துவம்! நாமோ ஒரு தாளை ஒட்டவும் இடம் தரவில்லை.

செய்யக்கூடியவை

பெரிய நிதியோ பெரிய மனிதரோ இன்றி நம் மஹல்லாக்களில் செய்யக்கூடியவை சில.

ஒன்று: மதரஸாப் பிள்ளைகளுக்கும் கருவுற்ற சகோதரிகளுக்கும் ஆண்டுக்கு இருமுறை, கிராம சுகாதாரச் செவிலியரின் துணையுடன் இரத்தப் பரிசோதனை. சோதனையின் அளவு பெற்றோருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இரண்டு: மாதத்தில் ஒரு ஜும்ஆ பயானில் ஐந்து நிமிடங்கள் உடல்நலத்துக்கு. நீல மாத்திரை மலடாக்காது என்று ஓர் ஆலிம் மிம்பரில் சொன்னால், அது நடிகையின் படத்தைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு வலிமையுடையது.

மூன்று: பைத்துல்மாலில் ஒரு சிறு பங்கை ஏழைக் கர்ப்பிணிகளின் சத்துணவுக்கென ஒதுக்குதல். அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி உண்டு. அதற்குப் பதிவு செய்ய எழுதப்படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு ஜமாஅத் இளைஞர்கள் உதவலாம்.

நான்கு: நிகாஹ் பதிவேட்டில் மணப்பெண்ணின் வயதுச் சான்றை இணைத்தல், குடும்ப வழக்குகளை விசாரிக்கும்போது மார்க்கம் அறிந்த இரு பெண்களையேனும் உடன் அமரச் செய்தல்.

ஐந்து: இதற்கு எவருடைய தீர்மானமும் தேவையில்லை. இன்று இரவே, வீட்டில் அனைவரும் ஒரே ஸஹனில், ஒரே நேரத்தில் உண்ணுதல்.

அந்தத் தாள் இப்போது எங்கள் மதரஸாவின் சுவரில் இருக்கிறது. பெருநாளுக்குப் பின் மேசை அறையிலிருந்து தேடியெடுத்து, படத்தைக் கத்தரித்துவிட்டு, எழுத்தை மட்டும் ஒட்டினோம். செவிலியச் சகோதரியைச் சந்தித்து மன்னிப்பும் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "எப்போது பரிசோதனைக்கு வரட்டும்?" என்றுதான் கேட்டார். அடுத்த மாதம் என்று நாள் குறித்திருக்கிறோம். முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக்கொண்டவள் எங்கள் தம்பி மகள்.

திரைநட்சத்திரங்கள் செய்யும் நன்மைக்கு உரிய கூலியை இறைவனே அறிவான். அதை அளப்பது நம் வேலையன்று. அவர்கள் கேட்ட கேள்விக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும். நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பெண்மக்களின் உடலையும் உரிமையையும் அமானிதமாகப் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.